எட்டு ஐம்பத்தைந்து மணிக்கு நடந்தது

5 ஆகஸ்ட், திங்கள்

இது என் வீட்டுக்காரருடைய நோட்டு. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலை அவருக்கு. போட்ட நேரம், நிறுத்திய நேரம் என்று தினமும் எழுதி வைப்பார். ஜூன் 12 வரை எழுதியிருக்கிறார். அன்றைக்குப் போட்டது 5.35 என்று இருக்கிறது. நிறுத்திய இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால் நிறையத் தாள் சும்மா கிடக்கிறது. அதில் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது என் கொழுந்தன் காளிராஜ். இன்று தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் 21 காலை 11 மணிக்கு டவுன் பெரியாஸ்பத்திரியில் விசாரணை, நேரில் வரவும் என்று இருந்தது. சீனியம்மாள், வயது 51, சத்துணவு உதவியாளர் என்று எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்சு ஜெசிந்தா மேல் காளிராஜ் கொடுத்த மனுவுக்கு விசாரணை. மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"மதினி, அன்னைக்கு நடந்தத நேரங்காலத்தோட எழுதி வச்சுப் படிச்சுக்கங்க. ஆபீசர் கேக்கும்போது தடுமாறக் கூடாது" என்றான்.

நான் ஆறாவது வரை படித்தவள். எழுதுகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணி எழுதுகிற கைதானே.

6 ஆகஸ்ட், செவ்வாய்

ஜூன் 12 புதன்கிழமை நடந்தது.

காலை 7 மணிக்குச் சுகர் மாத்திரை போட்டேன். போட்டு அரை மணி கழித்துச் சாப்பிட வேண்டும். தோசைக்கல்லை எடுத்து வைக்கும்போது தொட்டி வழிகிறது என்று தெருவில் சத்தம். அவர் ஒருநாளும் வழிய விட்டதில்லை. தண்ணீர் ரேஷன் கடை வாசல் வரை வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டார் ரூம் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வாந்தி. என்னைப் பார்த்து, "மோட்டார நிப்பாட்டு" என்றார். நிப்பாட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

7.50க்கு 108 வந்தது. பாதி வழியில் வண்டிக்குள் இருந்த தம்பி அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். நான் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். 8.35க்கு ஆஸ்பத்திரி.

எமர்ஜென்சியில் உள்ளே கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டார்கள். ஒரு நர்சு வந்து அவர் பெயரைக் கேட்டார். நான் அவர் பெயரைச் சொன்னதில்லை, வாய் வரவில்லை. சில இடத்தில் இதற்கே வைவார்கள். இவர் நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்து, "எழுதிருங்கம்மா" என்றார். பெருமாள்சாமி என்று எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. நர்சு எழுத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"சுகர் இருக்கா? மாத்திரை போட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

இருக்கு, போட்டேன், இல்லை என்று சொன்னேன். விரலில் குத்திப் பார்த்தார். 58 என்று வந்தது. ஆகக் குறைவு என்றார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். அது நர்சு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன்.

"உள்ள டாக்டர் இருக்காரு. நீங்க முதல்ல இதச் சாப்பிடுங்க."

டப்பா மூடியில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தார். அப்போது மணி 8.55. கடிகாரம் எதிர்ச் சுவரில் இருந்தது. சாப்பிட்டேன். தேங்காய்ச் சட்னி. உப்பு சரியாக இருந்தது.

9.15க்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரு. எங்களால காப்பாத்த முடியல" என்றார். சுற்றி வளைக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இறந்த நேரம் 8.40 என்று போட்டிருக்கிறது.

7 ஆகஸ்ட், புதன்

முட்டை 71. நான்கு உடைந்தது.

9 ஆகஸ்ட், வெள்ளி

மனு எதற்கு என்பதையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கம் சவத்தை எடுக்கும்வரை வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பெண்டாட்டிக்காரி வாயில் எதுவும் வைக்கக் கூடாது. காபி குடிக்கலாம், அதையும் நாலு பேர் கட்டாயப்படுத்திய பிறகுதான் குடிக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். காளிராஜ் லாரி ஓட்டிக்கொண்டு விஜயவாடாவில் இருந்தான். அவன் வந்து சேர்ந்து எடுக்கும்போது மறுநாள் மத்தியானம் மூன்று மணி. அதுவரைக்கும் நான் காபிதான் குடித்தேன். மயக்கம் வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தில்தான் பேச்சு வெடித்தது. எங்கள் தெரு ராக்கம்மா அவர் இறந்த அன்றைக்கு நாய்க்கடி ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். பந்தியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

என் நாத்தனார் சுப்புத்தாய், அவருக்கு அக்கா. காளிராஜ் வீட்டில்தான் இருக்கிறார். எழுந்து வந்து கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்.

"ஏ சீனி, எந்தம்பி உள்ள பொணமாக் கெடக்கையில நீ வெளிய உக்காந்து இட்லிய முழுங்குனியாமே? நெசமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவர்கூட நின்றுவிட்டார்.

காளிராஜ் பாய்ந்து வந்தான். "யக்கா, மதினிய ஏதும் பேசாத. அவுகளுக்கு என்ன தெரியும்? அந்த நர்சு செத்தத மறைச்சுக் குடுத்திருக்கா. அவள நான் சும்மா விடமாட்டேன்" என்றான். சீட்டை எடுத்து வந்து நேரத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினான். பேச்சு நர்சு பக்கம் திரும்பிவிட்டது. ராக்கம்மாவும், "அப்படித்தான் இருக்கும், பாவம் இவளுக்கு என்ன தெரியும்" என்றாள்.

நான் பந்திக்குள் போனேன். இலை எடுக்கும் வேலை இருந்தது.

மறு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தான். எனக்காகத்தான் கொடுத்தான். லாரிக்குப் போகாமல் இரண்டு நாள் அலைந்தான். இவர்களை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. அவர் போனதிலிருந்து காலைச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் தூக்குவாளியில் வருகிறது. நாத்தனாரே கொண்டுவந்து வைப்பார். என்னைப் பேசியதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல் வைப்பார்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

காளிராஜ் நோட்டை வாங்கிப் படித்தான். ஆறாம் தேதி எழுதியதை இரண்டு முறை படித்தான்.

"நல்லா எழுதியிருக்கீக. ஆனா இந்த உப்பு சரியா இருந்துச்சுங்கிறத அடிச்சிருங்க. எதுக்கு அது?"

அடித்துவிட்டேன்.

"செத்தாருன்னு சொன்னதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? அத எழுதலயே."

சொன்னேன். நர்சு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மூக்கில் வாயில் இருந்த குழாயை எல்லாம் எடுத்திருந்தார்கள். நர்சு வெந்நீரில் துணியை நனைத்து அவர் மீசையில் ஒட்டியிருந்த வாந்தியைத் துடைத்தார். தாடையைத் துணியால் கட்டினார். பிறகு தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, "வகிடு எந்தப் பக்கம் எடுப்பாரும்மா?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். அவர் வாரிக்கொள்கிற மாதிரியே வாரிவிட்டார். அந்தச் சீப்பைக் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். கழுவித் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காளிராஜ் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். அவன் வந்து பார்க்கும்போது அண்ணன் தூங்குகிற மாதிரி இருந்தார் என்று அன்றைக்கு அவனே எல்லாரிடமும் சொன்னவன்.

"இத எழுதாதீக மதினி" என்றான். "ஆபீசர்கிட்டயும் சொல்லாதீக. இதச் சொன்னா அந்த நர்சு நல்லவ மாதிரி ஆயிரும்."

எழுதவில்லை என்றேன். இப்போது எழுதிவிட்டேன்.

12 ஆகஸ்ட், திங்கள்

நோட்டை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

14 ஆகஸ்ட், புதன்

மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்கும் நாள். எங்கள் சத்துணவு அமைப்பாளர் வனஜா டீச்சரிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் போனேன். மாத்திரை கொடுக்கும் இடத்துக்குப் போக எமர்ஜென்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. ஜெசிந்தா நர்சு பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் வாயில் வைப்பாள், எடுப்பாள், கதவைப் பார்ப்பாள். நர்சு அவசரப்படுத்தவில்லை. "இன்னும் ஒரு வாய் குடிங்க" என்றார். வேறு வேலையே இல்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு பேர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. தூண் பக்கம் நின்றுகொண்டேன்.

தரை துடைக்கிற ஞானம் என்கிற அம்மாள் என்னையும் நகரச் சொன்னார். அந்த நர்சு எப்படி என்று கேட்டேன். சும்மா கேட்பது மாதிரி.

"யாரு, ஜெசிந்தா சிஸ்டரா? அதுக்கு மெமோ குடுத்திருக்காக. எவனோ ஒருத்தன், செத்தத மறைச்சு இட்லி குடுத்துச்சுன்னு மனுப் போட்டிருக்கான். இட்லி குடுத்ததுக்கு மனுப்போட்ட ஆள இப்பத்தான் பாக்கேன். இனிமே நோயாளியோட வந்தவுகளுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. விசாரணையில நிரூபணம் ஆச்சுன்னா எமர்ஜென்சியவிட்டுத் தூக்கி, மலைமேல எங்கயாவது போட்டுருவாகளாம்."

"இப்ப டீ குடுக்காகளே?"

"நானும் அதத்தான் கேட்டேன். மெமோல இட்லின்னுதான் போட்டிருக்கு ஞானம், டீன்னு போடலல்லங்குது." ஞானம் சிரித்தார். "அதுக்குப் பதினாறு வருசப் பழக்கம். விடச் சொன்னா விடுமா?"

மாத்திரை வாங்கித் திரும்பும்போது நர்சு எதிரே வந்துவிட்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார். காலில் விழலாமா ஓடலாமா என்று இருந்தது.

"என்னம்மா, மாத்திரை வாங்கியாச்சா? வாசல் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. நான் அவரை நினைக்காத நாள் இல்லை.

பஸ் ஏறும்போது ஆஸ்பத்திரிக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும்.

15 ஆகஸ்ட், வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். சுகர் என்று வாங்கவில்லை.

17 ஆகஸ்ட், சனி

இது காளிராஜ் படிக்காத பக்கம்.

அவருக்கு உள்ளங்காலில் கூச்சம். கொஞ்சநஞ்சம் இல்லை. கல்யாணத்தில் பாதபூஜைக்கு என் அப்பா அவர் காலைக் கழுவும்போது சிரித்துவிட்டார் என்று என் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். காலில் முள் குத்தினால் நான் எடுக்க முடியாது, உதைப்பார். தூங்கும்போது பாய் நுனி பட்டால்கூடக் காலை இழுத்துக்கொள்வார்.

அன்றைக்கு வண்டியில் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று எழுதினேன். பிடித்துக்கொண்டு மட்டும் போகவில்லை. பைபாஸ் பாலம் ஏறும்போது கட்டைவிரல் நகத்தால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தேன். கால் அசையவில்லை. அந்தத் தம்பி நெஞ்சை அழுத்திக்கொண்டு இருந்தார். மறுபடி இழுத்தேன், அழுத்தி. அப்புறம் துண்டை எடுத்துக் காலை மூடிவிட்டேன்.

ஆகவே எனக்குத் தெரியும். நர்சு பெயர் கேட்கும்போதே தெரியும். அதனால்தான் கை நடுங்கியதா, சுகரால் நடுங்கியதா என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது எதை என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன்.

யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் நான் சாப்பிடலாம் என்று இருந்தது. சொல்லிவிட்டால் முடியாது. அந்த நர்சு அந்தக் கொஞ்ச நேரத்தை எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

பசித்தது.

19 ஆகஸ்ட், திங்கள்

நாத்தனார் காலையில் கேப்பைக்கூழும் வெங்காயமும் கொண்டுவந்தார். நான் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்து நாளாயிற்று.

"பதினாறுல நான் பேசுனத மனசுல வச்சுக்காத. ஊர்வாய்க்குப் பயந்து கேட்டுட்டேன்" என்றார். "புதன்கெழம நானும் வாரேன். தெரியாமத்தான் தின்னான்னு ஆபீசர் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அத வாங்கியாந்து கோயில் செவத்துல ஒட்டிப்புடுதேன். அப்புறம் எவ வாயத் தொறக்கான்னு பாப்போம்."

"அந்த நர்சுக்கு வேல மாத்திருவாகளாம் மதினி."

"மாத்தட்டும். அவளுக்கு அரசாங்கச் சம்பளம், எங்க போனாலும் வரும். நீ இந்த ஊர்லதான இருக்கணும்?"

அதுவும் உண்மைதான். கூழ் நன்றாக இருந்தது. சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

முட்டை 68. எண்ணும்போது மூன்று முறை தப்பியது. "நாளைக்கு லீவ எடுத்துட்டு ரெஸ்டா இருங்கக்கா" என்றார் வனஜா டீச்சர். நாளைக்கு எப்படியும் லீவுதான்.

21 ஆகஸ்ட், புதன்

போய் வந்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினொன்றுக்கு வரச் சொன்னவர்கள் பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர் அம்மாள், கண்ணாடி போட்டவர். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கிளார்க். ஜெசிந்தா நர்சு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி போட்டார்கள். அவருக்குப் போடவில்லை.

முதலில் நர்சைக் கேட்டார்கள்.

"எனக்கு இந்த அம்மாவச் சரியா ஞாபகம் இல்ல மேடம். தினம் எத்தனையோ பேரு. ஆனா குடுத்திருப்பேன். சுகர் அம்பத்தெட்டுன்னு ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு. முதல்ல விஷயத்தச் சொன்னா இவங்க வாயில எதுவும் வைக்க மாட்டாங்க மேடம். இந்தப் பக்கத்து வழக்கம் அது. அடுத்த நாள் வரைக்கும் பட்டினி கிடந்து இங்கயே திரும்ப வந்து விழுந்தவங்கள நான் பாத்திருக்கேன்."

"குளுக்கோஸ் ஏத்தலாமே."

"ஏத்தலாம் மேடம். படுக்கவைக்கணும். புருஷன் உள்ள இருக்கும்போது படுக்க மாட்டாங்க."

டாக்டர் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. உங்க கணவர் இறந்தது தெரியாமத்தான சாப்பிட்டீங்க?"

காளிராஜ் எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினான். ஆமாம் என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி. நாத்தனார் கோயில் சுவரை இப்போதே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தார்.

"தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்" என்றேன்.

"மதினி!" என்றான் காளிராஜ். "பதட்டத்துல என்னமோ சொல்லுதாக மேடம்."

"பதட்டம் இல்ல" என்றேன். பாலத்தில் நகத்தால் கோடு இழுத்ததைச் சொன்னேன். கல்யாணத்தில் சிரித்ததையும் சொன்னேன், அப்போதுதான் விளங்கும் என்று. கிளார்க் எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதினார். "இந்த நர்சம்மா எதையும் மறைக்கல. தெரிஞ்சத யாரு மறைக்க முடியும்? எங்கொழுந்தன் எனக்காக மனுப் போட்டாரு. நான் வாயத் தொறந்து சொல்லல. தப்பு என் மேலதான்."

நாத்தனார் எழுந்துவிட்டார். "கேட்டியாடா, கேட்டியா!" என்று காளிராஜைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அது ஆஸ்பத்திரி என்பதால்.

கிளார்க் எழுதியதைப் படித்துக் காட்டினார். "கணவர் இறந்ததை அறிந்திருந்தும், செவிலியர் வற்புறுத்தியதன் பேரில் சிறிதளவு உணவு உட்கொண்டேன். சரியாம்மா? இங்க கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினேன். போடவில்லை.

"வற்புறுத்தல" என்றேன். "ரெண்டுதான் வச்சுக் குடுத்தாக. இன்னும் ரெண்டு இருக்கான்னு நாந்தான் கேட்டு வாங்கித் தின்னேன். மொத்தம் நாலு. சிறிதளவு இல்ல."

கிளார்க் டாக்டர் அம்மாளைப் பார்த்தார். டாக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

ஓரத்திலிருந்து ஜெசிந்தா நர்சு சொன்னார், "நீங்களா அது!"

திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கூட்டத்தில் தெரிந்த ஆளைப் பார்த்துவிட்ட மாதிரி.

"எல்லாரும் ஒரு வாய் வச்சிட்டுப் போதும்பாங்க. பாதிய அப்படியே திருப்பிக் குடுத்துருவாங்க. இத்தனை வருஷத்துல இன்னும் குடுங்கன்னு கேட்டது ஒரே ஆளுதான். அன்னைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்குப் போயி எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன்."

"சட்னில உப்புச் சரியா இருந்துச்சும்மா" என்றேன். இதைக் கிளார்க் எழுதவில்லை.

அவர் 'வற்புறுத்தியதன் பேரில்' என்பதை அடித்து, 'கேட்டு வாங்கி' என்று எழுதினார். 'நான்கு இட்லிகள்' என்றும் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். மனுவை முடித்து வைப்பதாக டாக்டர் அம்மாள் சொன்னார். மெமோவும் அதோடு போயிற்று என்று கிளார்க் தனியாக என்னிடம் சொன்னார். நர்சுக்கு எமர்ஜென்சியிலிருந்து ஆள் வந்துவிட்டது, ஏதோ பைக் ஆக்சிடென்ட். என் தோளைத் தொட்டுவிட்டு ஓடினார். அவரிடம் சொல்ல நினைத்ததில் எதையும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நாத்தனார் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். காளிராஜ் எனக்குப் பின் சீட்டில். ஊருக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது குரல் கேட்டது.

"கல்யாணத்துல அண்ணன் சிரிச்சப்ப நானும் அங்கதான் நின்னேன், மதினி. எனக்கு ஏழு வயசு."

நான் திரும்பவில்லை. அழுவது தெரிந்தது. எடுத்த அன்றைக்கு அவன் அழவில்லை. விஜயவாடாவிலிருந்து வந்த அலுப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

22 ஆகஸ்ட், வியாழன்

விஷயம் எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. ராக்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

7 மணிக்கு மாத்திரை போட்டேன். ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. தூக்குவாளி வரவில்லை. நாத்தனார் வாசல் தெளித்துவிட்டு என் வீட்டைப் பார்க்காமல் உள்ளே போனார்.

இட்லிக்கு மாவு இல்லை. ரவை இருந்தது. வெங்காயம் வெட்டி, கடுகு தாளித்து உப்புமா கிண்டினேன். வாசலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள்.

பத்தவில்லை. உள்ளே போய் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தேன்.